பின்னட்டை மட்டும் படித்தவன்

நீங்கள் ஐந்து பேரும் புத்தக வண்டியில் வேலைக்கு ஏறிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஐந்து பேருமே பட்டதாரிகள் என்றும் சொன்னார்கள். பயப்பட வேண்டாம், ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.

உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நம் புத்தகக் கடையை இப்போது நடத்துகிறவர் கேட்டார். நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். "வேண்டாங்க. பேசச் சொன்னா கூட்டிச் சொல்லுவீங்க. எழுதச் சொன்னா கை வலிச்சுக் குறைச்சுச் சொல்லுவீங்க" என்றார். அவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து என்னைப் பார்க்கிறவர். தெரிந்துதான் சொல்கிறார்.

மூட்டை கட்டுவது, மழைக்குத் தார்ப்பாய் இழுப்பது, எந்தப் பள்ளிக்கு எந்த மாதம் போவது, இதெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் சொல்லித் தருவார். நான் சொல்ல வருவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. முப்பது வருடம் தினமும் செய்தேன். ஒரே ஒரு நாள்தான் பிடிபட்டேன். பிடித்தது ஒரு கவிதைப் புத்தகம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தேன். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வெளியே போனவன், திரும்ப உள்ளே போகவில்லை. ரிக் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று நாலு வருடம் போர்க்கிணறு போட்டேன். நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினேன். ஜவ்வரிசி ஆலையில் இடது கைச் சுண்டுவிரல் நுனி போனது. அந்த வாரமே வேலையும் போனது. ஒரே இடத்தில் ஒரு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சேலத்துக்கு வந்ததே வேறு ஊருக்குப் பஸ் மாறத்தான். கடைவீதியில் ஒரு கடை வாசலில் அட்டை தொங்கியது: 'புத்தக வண்டியில் ஊர் ஊராகப் போக ஆள் தேவை.' நான் 'ஊர் ஊராக' என்பதைப் படித்தேன். 'புத்தக' என்பதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கடையின் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் இப்போதைய முதலாளியின் அப்பா. யார் வந்து எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவார். கதை, வைத்தியம், ஜோசியம், கோழி வளர்ப்பு, எதுவானாலும் ஒரு நிமிடம். அதற்குள் வந்தவர் பையைத் திறந்துவிடுவார். நான் அசந்துபோனேன். இத்தனையும் படித்த மனுசன் என் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறாரே என்று அவரைச் சாமியாகப் பார்த்தேன். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

ஒரு மத்தியானம் ஒரு பேராசிரியர் வந்தார். தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டே, "மூணாவது அத்தியாயம் எப்படி இருக்கு பாய்?" என்றார்.

"அதுதாங்க புத்தகத்தோட உயிரே" என்றார் பாய்.

"இதுல மொத்தமே ரெண்டு அத்தியாயம்தான் இருக்கு."

பாய் கண்ணாடியைச் சரிசெய்தார். "அதைத்தாங்க சொல்றேன். மூணாவதா ஒண்ணு எழுதியிருக்கணும்."

பேராசிரியர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருத் திரும்பும்வரை பொறுத்திருந்தேன்.

"பாய், நீங்க அதைப் படிக்கலையா?"

"எதை?"

"அதை. இல்ல, எதையாவது."

அவர் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினார். "எல்லாம் இங்கயே எழுதி வெச்சிருக்கான். உள்ள போறது வாங்கறவன் வேலை. நான் படிக்க ஆரம்பிச்சா எனக்குப் பிடிச்சதை மட்டும்தான்ப்பா விப்பேன். பிடிக்காத புத்தகத்துக்கும் எங்கயோ ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பான். அவனுக்கு யார் விக்கறது?"

அன்று மத்தியானம் எனக்கு ஒரு சாமி போனது, ஒரு தொழில் வந்தது.

பாயின் வித்தையை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஆனால் அவரை விடவும் ஒரு படி தாண்டினேன். பிள்ளைகளுக்கான கதைப் புத்தகத்தின் பின்னட்டை எப்போதும் ஒரு கேள்வியில்தான் முடியும். தப்பித்தானா? கிடைத்ததா? திரும்பி வந்தாளா? வண்டியைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பார்கள். பாயாக இருந்தால், வாங்கிப் படி என்பார். வாங்க வழியில்லாத பிள்ளைகளை உங்களுக்கு இனிமேல் தெரியவரும். புத்தகத்தைத் தொட்டால் அழுக்காகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் வாங்கிப் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் முடிவைச் சொல்லிவிடுவேன். எனக்கே தெரியாத முடிவை. என் முடிவுகளில் யாரும் சாக மாட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பாய் மாட்டிக்கொண்டால் சிரித்துச் சமாளிப்பார். நான் மாட்டிக்கொள்ளவே இல்லை. வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும் அல்லவா.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கடைக்கு ஒரு பெண் வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஊர் வாழப்பாடிப் பக்கம். இங்கே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, நீங்கதானே வண்டியில போறவரு?"

"நான்தானுங்க அம்மணி."

"இதுல அம்பது இருக்கு. நான் எழுதின கவிதை. நீங்க படிச்சுட்டு வில்லுங்க."

"படிச்சுட்டாப் போச்சுங்க."

"இல்லைங்கய்யா. படிச்சுட்டு வில்லுங்க."

இரண்டாவது தடவை சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதுகிறவர்களுக்கு அந்தப் பார்வை உண்டு. பாராட்டு எதிர்பார்க்கிறார் போல என்று, அட்டை நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அட்டை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒரு சின்னப் பெண் கழுத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று கையை விரித்திருக்கிறாள். தலைப்பு 'கழுத்தில் கட்டிய துண்டு'. பின்னட்டையில் மூன்றே வரி. 'பறக்கத் தெரிந்தவர்களோடு வளர்ந்தாள் ஒரு சிறுமி. ஒரு நாள் தலையை உயர்த்திப் பார்த்தாள். என்ன பார்த்தாள்?'

கேள்வியில் முடிகிறது. என் முப்பது வருடக் கணக்குப்படி இது பிள்ளைகள் புத்தகம். குழந்தைப் பாட்டு என்பதைத்தான் அந்தப் பெண் கொஞ்சம் மரியாதையாகக் கவிதை என்கிறார் என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் பெட்டியில் போட்டேன்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே தலைமையாசிரியை எனக்குப் பத்து வருடப் பழக்கம். அறிவியல் டீச்சராக இருந்து மேலே வந்தவர். ஆண்டு விழாவுக்குப் பரிசாகப் புத்தகம் வாங்குவார். எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"படிச்சுப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்துட்டனுங்க டீச்சர்."

அவ்வளவுதான். அதற்கு மேல் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது பரிசு. சிவப்புத் துண்டு கட்டிய பெண்ணை நீட்டினேன். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், முப்பதையும் எடுத்துக்கொண்டார்.

விழா அன்று காலை பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

"ஏனுங்கண்ணா, அந்தத் துண்டு கட்டின புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் குடுத்தீங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

"முழுசாவா?"

"முழுசாங்க."

"பதினெட்டாம் பக்கம் ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்குங்க. நல்ல பக்கமுங்க."

எனக்குப் பேராசிரியரும் மூன்றாவது அத்தியாயமும் ஞாபகம் வந்தது. பிறகு டீச்சர் நிதானமாகச் சொன்னார்.

"நேர்ல வாங்க. நாலு மணிக்கு விழா. முப்பதுலயும் பேரெழுதின சீட்டு ஒட்டியாச்சு. குடுக்கவும் முடியல, மாத்தவும் முடியல. மேடைக்கு வர்ற புள்ளைங்க வெறுங்கையோடதான் எறங்கணும் போல."

பரிசுச் சீட்டு என்பதை இனிமேல் நீங்களும் பார்ப்பீர்கள். முதல் தாளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, எதற்காகப் பரிசு, பள்ளி முத்திரை. நல்ல பசை போட்டு ஒட்டுவார்கள். பிய்த்தால் தாளோடுதான் வரும். சீட்டு ஒட்டிய புத்தகம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் ஆகாது.

வண்டி பட்டறையில் இருந்தது. கடையில் மிச்சமிருந்த பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்த முதல் கவிதைப் புத்தகம் அதுதான். சந்தோஷமாகப் படித்தேன் என்று சொன்னால் பொய். பயத்தில் படித்தேன்.

அது பிள்ளைகள் புத்தகமே இல்லை. பிள்ளையாக இருந்து முடித்த ஒருத்தியின் புத்தகம். சின்ன வயதில் அவள் யாரையெல்லாம் பெரிய ஆளாக நினைத்தாளோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கவிதை. ஒரே அடியில் இருபது பேரை வீழ்த்தும் நடிகர் ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு வருகிறார். மூன்று படி ஏற இரண்டு பேர் கை கொடுக்கிறார்கள். இன்னொன்றில் ரிக் வண்டி மாமா. ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீரைக் கையால் தொட்டேன் என்று சொன்னவர், வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பொய்யை நானும் ஒடிசாவிலிருந்து திரும்பி வந்து நாலைந்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சேலத்தில் வெற்றிலையை விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார். என் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, பாதிப் பக்கத்தைக் காலியா உட்டிருக்காங்க?"

"கவிதைங்க."

"காலியா கெடக்கற எடத்துக்கும் சேத்துத்தான் வெலைங்களா?"

"ஆமாங்க."

"எங்களை மட்டும் வெத்தலையை எண்ணி வெக்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினெட்டாம் பக்கத்தில் ஒரு அறிவியல் டீச்சர் இருந்தார்.

'பாடப் புத்தகத்துக்குள்
கைடு ஒளித்திருந்தார் டீச்சர்.
பார்த்துவிட்டதை
நான் ஒளித்துக்கொண்டேன்.'

இந்த வரி எந்த டீச்சர் கையில் போய் விழுந்திருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ராசிபுரத்தில் பஸ் நின்றபோது நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தேன். அந்தக் கவிதையை இப்போதும் பார்க்காமல் சொல்வேன்.

'கிணற்றில் விழுந்த குதிரை
வெளியே வந்ததா என்று கேட்டேன்.
வண்டிக்காரர் சொன்னார்:
மூன்று நாள் மழை,
தண்ணீர் ஏறியது,
குதிரை நீந்தி மேலே வந்தது.

பதினோரு வருடம்
அது என்னோடு பள்ளிக்கு வந்தது.

கல்லூரி நூலகத்தில்
எழுபத்திரண்டாம் பக்கத்தில்
செத்துக் கிடந்தது.

யாரிடம் போய்ச் சொல்வேன்?
அவர் வேறொரு ஊரில்
வேறொரு குதிரையை
மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்.'

குதிரைப் புத்தகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பச்சை அட்டை. பின்னட்டையில் கடைசி வரி, 'குதிரை வெளியே வந்ததா?' வாழப்பாடிப் பக்கம் பள்ளிகளில் நிறைய விற்றேன். மழை, நீச்சல் எல்லாம் என்னுடைய சரக்குதான். அந்தப் பெண் மட்டும் ஞாபகம் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் நின்றார்கள். அதில் ஒருத்தி பதினோரு வருடம் ஒரு குதிரையை வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். அதைக் கொடுத்தவனுக்கு அவள் முகம் தெரியாது. படிச்சுட்டு வில்லுங்க என்று இரண்டு தடவை சொன்னது பாராட்டுக்கு இல்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மைதானத்தில் பந்தல் தயார். தலைமையாசிரியை அறையில் மேசைமேல் முப்பது புத்தகமும் அடுக்கியிருந்தது. பக்கத்தில் பசைக் கிண்ணம்.

"உக்காருங்க. இப்ப நீங்களே சொல்லுங்கண்ணா. ஆறாவது படிக்கற புள்ளைக்கு இதைக் குடுக்கலாமா?"

குடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை நம்புகிறவர். பத்து வருட வழக்கம் அதுதான். வண்டிக்காரர் என்று மட்டும்தான் கவிதையில் இருந்தது, பெயர் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பையிலிருந்து என் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"டீச்சர், நான் இதை இன்னிக்குத்தானுங்க படிச்சேன். பஸ்ல."

"அப்ப இத்தனை வருசமா படிச்சுட்டேன், படிச்சுட்டேன்னது?"

"பின்னட்டைங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமேங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இங்க வர்ற டீச்சர்களுக்கெல்லாம் உங்களைத்தான் உதாரணம் சொல்லுவேன்" என்றார். "எட்டாவதுகூட முடிக்காத மனுசன், ஒரு வண்டிப் புத்தகம் முழுக்கப் படிச்சிருக்காரு, உங்களுக்கு என்ன கேடுன்னு."

புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மேலே பார்த்தார்.

"இந்த வண்டிக்காரரு..."

"நான்தானுங்க."

மறுபடியும் படித்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதை அடக்கிக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினெட்டாம் பக்கத்துக்கு எனக்கு ஏன் அத்தனை கோவம் வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா திட்டுவீங்கன்னு இருக்கறனுங்க."

"மொத வருசம் நானும் கைடு வெச்சுத்தான் நடத்தினேன். ஒளி பத்தின பாடம். எனக்கே வெளிச்சம் இல்லை. எந்தப் புள்ளையும் பாக்கலைன்னு இருபத்தஞ்சு வருசமா நெனச்சுட்டு இருந்தேன்." புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். "பாத்திருக்கும் போலிருக்குதுங்க."

பிறகு பழைய கேள்விக்கு வந்தார். "இப்பப் படிச்சுட்டீங்கல்ல. இப்பச் சொல்லுங்க. குடுக்கலாமா, கூடாதா?"

ஒரு புத்தகத்தைப் பற்றி அதைப் படித்துவிட்டு நான் சொன்ன முதல் அபிப்பிராயம் இது, அதனால் எழுதி வைக்கிறேன்.

"குடுக்கலாமுங்க டீச்சர். கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லை. பாதிப் பாட்டு அவங்களுக்குப் புரியாது, அதனால தொந்தரவில்லை. மீதிப் பாதி புரியும். ஆனா அதெல்லாம் அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச விசயமுங்க. நமக்குத்தான் அவங்களுக்குத் தெரியும்னு தெரியாது."

அவர் முப்பது புத்தகத்தையும் ஒரு தடவை கையால் தட்டி நேராக்கினார். "சரி, குடுக்கறேன். ஆனா டீச்சரைக் கேலி பண்ற புத்தகத்தைக் குடுத்துட்டு நான் மட்டும் மேடையில உக்காந்திருக்க முடியாது. கேலி எல்லாத்துக்கும் பொதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும். உங்க பக்கத்தை நீங்களே மைக்ல படிங்க."

"நானுங்களா?"

"பின்னட்டையப் படிச்சிராதீங்க."

நாலு மணிக்குப் பந்தலில் முந்நூறு பெண் பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பரிசு கொடுத்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுவதற்கு நான் பயந்ததே இல்லை. வாசிப்பது வேறு. எட்டாம் வகுப்பில் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னதற்கு அப்புறம் நாலு பேர் முன்னால் நான் வாசித்ததில்லை. மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தேன். கடைசி வரி வந்ததும், "இந்த வண்டிக்காரன் நான்தானுங்க" என்றேன்.

பின்வரிசையில் ஆரம்பித்துப் பந்தல் முழுக்கச் சிரிப்பு வந்தது. சரி, இதோடு போயிற்று என்று இறங்கப் போனேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஆறாம் வகுப்பு இருக்கும். பரிசுப் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, குதிரை நெசமாவே செத்துருச்சுங்களா?"

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. இல்லைங்க சாமி, செத்தது வேற குதிரை, நம்ம குதிரை பக்கத்து ஊர்ல மேஞ்சுட்டு இருக்குது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த பொய் வந்து வரிசையில் நிற்கிறது. முப்பது வருடப் பழக்கம் அப்படி. அதற்கு அடுத்தபடியாக இன்னொரு பதில் வந்தது: ஆமாங்க, செத்துருச்சு. அது பொய் இல்லை போலத் தெரியும். ஆனால் அதுவும் கவிதையில் பார்த்ததுதான், நான் போய்ப் பார்த்தது இல்லை. மறுபடியும் ஒரு பின்னட்டை.

"எனக்குத் தெரியலைங்க சாமி" என்றேன். "நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கலை."

பந்தல் மறுபடியும் சிரித்தது. தலைமையாசிரியை எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் யோசித்துவிட்டு, "சரிங்க. படிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று உட்கார்ந்தாள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, விற்கும் புத்தகத்தையெல்லாம் படித்தாக வேண்டும் என்பது இல்லை. பாய் சொன்னது சரிதான். வண்டியில் ஆயிரம் புத்தகம் இருக்கும். படித்துவிட்டுத்தான் விற்பேன் என்றால் சேலத்தைத் தாண்ட மாட்டீர்கள். படிக்காததை விற்கலாம். படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும். அந்த வார்த்தை தொண்டையில் கொஞ்சம் குத்தும். சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது. அதற்கு அடுத்த வருடமும் அந்தப் பள்ளியில் என்னிடம்தான் வாங்கினார்கள். படிச்சுப் பாத்தீங்களா என்ற கேள்விக்கு இல்லை என்று பதினாறு தடவை சொன்னேன், ஆமாம் என்று நாலு தடவை. அந்த நாலைத்தான் டீச்சர் முதலில் எடுத்தார்.

குதிரைப் புத்தகம் இப்போது அச்சில் இல்லை. கடைப் பரணில் இரண்டு நாள் தேடி ஒரே ஒரு பிரதியைப் பிடித்தேன். கறையான் ஒரு பக்கமாக வேலையைக் காட்டியிருந்தது, ஆனால் கதை முழுசாக இருந்தது. ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனேன். எழுபத்திரண்டாம் பக்கத்தில் குதிரை செத்துவிட்டது. மழையும் இல்லை, நீச்சலும் இல்லை. அந்தப் பெண் எழுதியது சரி. பிறகு பழக்கம் இல்லாத வேலை ஒன்றைச் செய்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் காலை ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கவிஞருக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மணி, குதிரைப் புத்தகத்தைப் படிச்சனுங்க."

"ஐயா." குரல் சின்னதாகிவிட்டது. "பாட்டையும் படிச்சீங்களா?"

"முந்நூறு புள்ளைங்களுக்கு முன்னால மைக்ல படிச்சேன். தப்பு என்னுதுதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் கோவத்துல எழுதலைங்கய்யா. அந்தக் குதிரை இல்லாம நான் பள்ளிக்கூடம் முடிச்சிருக்க மாட்டேன்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். நீங்க எழுவத்திரெண்டாம் பக்கத்தோட மூடிட்டீங்களா?"

பின்னால் யாருடைய பல்லையோ ராவுகிற மிஷின் சத்தம் கேட்டது.

"அழுகையா வந்துச்சு. மூடி வெச்சுட்டேன்."

"அதுக்கப்பறம் நாலு பக்கம் இருக்குதுங்க அம்மணி."

"என்னது?"

"எழுவத்தாறு பக்கம். நீங்களும் முழுசாப் படிக்கலை."

மிஷின் சத்தம் நின்றது. பிறகு கேட்டார்.

"குதிரை பொழைச்சுக்குதாங்கய்யா?"

"இல்லைங்க. செத்தது செத்ததுதான்."

"அப்ப நாலு பக்கத்துல என்னதான் இருக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையின் முடிவு எனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுகூட இருந்தது. கேட்டும்விட்டார்.

"படிச்சுப் பாருங்க" என்றேன்.

"அநியாயம் பண்றீங்க ஐயா."

"புத்தகம் பரமத்தி வேலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. வேணும்னா அங்க வந்து படிச்சுக்கோங்க."

பந்தலில் கேள்வி கேட்ட பெண்ணுக்கும் நான் முடிவைச் சொல்லவில்லை. புத்தகத்தையே கையில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை கவிஞர் பஸ் ஏறி வேலூர் போய், பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்புப் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அந்த நாலு பக்கத்தையும் படித்தாராம். தலைமையாசிரியை சொன்னார். இரண்டாம் பதிப்பு போட்டால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னும் நாலு வரி சேர்ப்பாராம்.

அதற்கு அடுத்த முறை வண்டி போனபோது அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள்.

"எப்படி சாமி இருந்துச்சு?"

"நீங்க சொன்னதும் தப்புங்க. அந்தக்கா எழுதினதும் பாதிதானுங்க" என்றாள். "பெரியவங்க யாருமே கடைசி வரைக்கும் படிக்க மாட்டீங்களா?"

அந்தப் புத்தகம் இப்போது நீங்கள் ஏறியிருக்கும் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை. எந்த ஊரிலாவது ஒரு பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் எடுத்துக் கையில் கொடுங்கள். குதிரை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரிய வேண்டுமானால் எழுபத்தாறு பக்கத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும். குறுக்கு வழி ஒன்றும் கிடையாது. பின்னட்டையைக் கறையான் தின்றுவிட்டது.